கெட்டி எண்ணெய் ஊற்றாதே

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் கை கால் சுகத்தோடு இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நான் இருக்கிறேன், உன் அண்ணன் இருக்கிறான், உன் அண்ணி இருக்கிறாள், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அங்கே அடுப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ம் ம் என்பாய், பாதியில் பேத்தி அழுவாள், இங்கே உன் அண்ணி பக்கத்து அறையில் இருப்பாள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். போன வருஷம் என் முழங்கால் ஆபரேஷன் முடிந்து பதினோராவது நாள்தான் நீ கூப்பிட்டாய், அதுவும் மூன்று நிமிஷம். நான் மறக்கவில்லை. அது இருக்கட்டும்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் படி. நீ கார் வாங்கினபோது சொன்னேன் இல்லையா, நல்ல கெட்டி எண்ணெயாகப் பார்த்து இன்ஜினுக்கு ஊற்று, தண்ணி மாதிரி ஓடுகிற எதையும் வாங்காதே, அப்பா காலமெல்லாம் அதைத்தான் சொன்னார் என்று. அதைக் கேட்காதே. ஊற்றியிருந்தால் நாளைக்கே வடித்துவிட்டு மாற்று. காரோடு கொடுத்த புத்தகத்தில் ஒரு நம்பர் போட்டிருக்கும், இன்ஜினில் எண்ணெய் ஊற்றுகிற மூடியின் மேலேயும் அநேகமாக அதே நம்பர் இருக்கும், அந்த வண்டிக்கு அதுதான். முன்னால் ஒரு நம்பர் பின்னால் ஒரு நம்பர், நடுவில் ஒரு இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்து குளிர்காலத்துக்கு அடையாளமாம். முன்னால் இருக்கிற நம்பர் குளிரில் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பதற்கு, நம்பர் சின்னதாக இருந்தால் சீக்கிரம் ஓடும். பின்னால் இருப்பது இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. உன் அண்ணி கார் மூடியில் முன்னால் பூஜ்யம் பின்னால் இருபது. உன் அப்பா டிப்போவில் பஸ்ஸுக்கு ஊற்றினது முன்னால் இருபது பின்னால் ஐம்பது. உன் காருக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, அப்பா இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது, பெரியவர்கள் யாரையும் கேட்காதே, மூடியைப் பார். இதெல்லாம் உனக்கு யாரம்மா சொன்னது என்று கேட்பாய். சுருட்டை சொன்னான். ஆமாம், அதே சுருட்டைதான். உட்கார்ந்து படி.

அவன் முகம் உனக்கு நினைவிருக்காது, உனக்கு அப்போது மூன்று வயது. அவனுக்கு இருபத்தாறு. தலை நிறையச் சுருள் முடி, அதனால் டிப்போவில் அந்தப் பேர் வைத்தார்கள், இப்போது தலை என் உள்ளங்கை மாதிரி இருக்கிறது, பேர் மட்டும் கொட்டவில்லை. இன்ஜின் பிரிவில் உன் அப்பாவிடம் வேலை பழகினவன். நாலு வருஷம் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான். காரம் ஆகாது அவனுக்கு, தனியாக எடுத்து வைப்பேன். அப்படிச் சாப்பிட்டவன்தான் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பஸ் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு நடு ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றபோது, விசாரணையில் அதிகாரி முன்னால் எழுந்து நின்று, குளிர் மாதத்தில் ஊற்றக்கூடாத கெட்டி எண்ணெயை உன் அப்பாதான் ஊற்றினார் என்று சொன்னான். அப்பா இல்லை என்றார். அதிகாரி அவன் சொன்னதை எடுத்துக்கொண்டார். அப்பாவை இன்ஜினில் இருந்து எடுத்து டயர் பிரிவில் போட்டார்கள். பதினாலு வருஷம், வேலை முடிகிற வரைக்கும், டயர் உருட்டினார். அந்த விசாரணைக்கு மறுநாள் அவன் வாசலில் வந்து நின்றான், பச்சைக் கோடு போட்ட சட்டை, கையில் தொப்பி. நான் கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து அவன் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், கடைத்தெருவில் ஒரு தடவை, கல்யாண வீட்டில் இரண்டு தடவை, அப்பா செத்த அன்றைக்கு ஒரு தடவை.

இப்போது நடந்ததைக் கேள். இரண்டு மாசத்துக்கு முன்னால் உன் அண்ணி நாலு லிட்டர் கேன் ஒன்று வாங்கிவந்து செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஆள் வந்து கீழே வண்டி நிற்கிற இடத்திலேயே எண்ணெய் மாற்றிக் கொடுப்பார் அத்தை என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, மூடியைத் திறந்து ஒரு கரண்டியை விட்டு எடுத்தேன். தண்ணி மாதிரி ஓடிப்போயிற்று, கரண்டியில் ஒட்டக்கூட இல்லை. அவள் தினமும் அந்த மேட்டு ரோட்டில் ஏறி இறங்குகிறவள், வாரத்தில் இரண்டு நாள் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறவள், இதை நம்பியா ஏறுவது என்று நினைத்தேன். சாமான் அறையில் இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் உன் அப்பாவின் டின் இருக்கிறது. வேலையை விட்டு வருகிற அன்றைக்கு ஸ்டோர்காரர் கொடுத்தது, ஐந்து லிட்டர், திறக்கவே இல்லை, பதினேழு வருஷமாக நான்தான் மேலே தூசி துடைக்கிறேன். நான் என்ன செய்தேன் என்றால், அந்தத் தண்ணி எண்ணெயை இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றிவிட்டு, அப்பாவின் எண்ணெயை அவள் கேனில் ஊற்றினேன். அடுப்படிப் புனலை வைத்து ஊற்றினேன், ஒரு மணி நேரம் ஆயிற்று, அவ்வளவு மெதுவாக இறங்கியது, இறங்க இறங்க எனக்கு ஒரே பெருமை. மூடியை அழுத்தி மூடி, கேனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பாட்டில் இரண்டையும் பழைய போர்வைக்கு அடியில் தள்ளினேன். கெடுதலாக ஒன்றும் நினைக்கவில்லை, என் பிள்ளைகள் மேல் சத்தியம். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் கெட்டி, அவ்வளவுதான். நீயே அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே வளர்ந்தாய்.

சனிக்கிழமை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், கீழே வண்டிக்கு அடியில் இருந்து ஒரு மொட்டைத் தலை வெளியே வருகிறது. சுருட்டை. டிப்போவை எப்போதோ விட்டுவிட்டு இந்த ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கிறான், எனக்கு எங்கே தெரியும். கேனைச் சரித்து ஊற்றினான். நடுவில் ஒரு தடவை நிறுத்தி கேனைத் திருப்பி எழுத்தைப் படித்தான், மறுபடி ஊற்றினான். காலை வேளை நல்ல குளிர், அதனால் கெட்டியாக வருகிறது என்று நினைத்திருப்பான். உன் அப்பாவின் எண்ணெயை உன் கையாலேயே ஊற்ற வைத்தேன் பார்த்தாயா என்று நான் இங்கே மூன்றாம் மாடியில் நின்று சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அப்புறம் வண்டி காலையில் கிளப்பும்போதெல்லாம் கடகடவென்று நாலைந்து விநாடி சத்தம் போட ஆரம்பித்தது. உன் அண்ணி என்னமோ சத்தம் என்றாள். மூன்றாம் மாடிக்கே கேட்டது. நான் இன்ஜினுக்குப் பலம் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டேன், என்னத்தைச் சொல்ல. ஐந்தாவது வாரம் ஒரு திங்கட்கிழமை மேட்டில் ஏறும்போது உள்ளே எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்து வண்டி செத்துப்போயிற்று. பின்னால் ஒரு லாரி. வண்டி பின்பக்கமாகச் சரிய, அவள் கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கிறாள், லாரிக்காரன் ஒரு முழத்தில் நிறுத்தியிருக்கிறான். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் பல்லில் பட்டுப் பட்டுச் சத்தம் கேட்டது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு ஜெயில். வண்டி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. உன் அண்ணன் ஐந்து மணிக்கே கிடங்கு வேலைக்குப் போய்விடுவான், உன் அண்ணி ஆறு மணி பஸ். அறுபத்திரண்டு படி, என்னை யார் இறக்குவது. மூன்று வாரத்தில் முழங்கால் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இறுகிவிட்டது. கட்டிலில் இருந்து ஜன்னலுக்குப் பன்னிரண்டு எட்டு, ஜன்னலில் இருந்து அடுப்படிக்கு ஒன்பது. ஜன்னலில் நின்றால் நேர் கீழே அந்த வண்டி, சாம்பல் நிறத் துணி போர்த்திக்கொண்டு, வேறு பக்கம் பார்க்கலாம் என்றால் எதிர் மாடியின் சுவர்தான். உள்ளே திரும்பினால் சாமான் அறைக் கதவு. அந்த இரண்டு பாட்டிலும் அங்கேயே. ஒரு நாள் பொறுக்க முடியாமல் பாட்டில்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கீழே குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். இருபதாவது படியில் கால் மடங்க மறுத்துவிட்டது. மேலேயும் போக முடியவில்லை கீழேயும் போக முடியவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்துத் தூக்கிவிட்டார், பையையும் அவரே சுமந்துகொண்டு மேலே கொண்டுவந்து வைத்தார், எண்ணெயா அம்மா, கனமாக இருக்கிறதே என்று வேறு கேட்டார். அன்றிலிருந்து வெளிக் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். உன் பாதுகாப்புக்குத்தான் அம்மா என்கிறான் உன் அண்ணன். கோழி மேல் கூடையைக் கவிழ்க்கிறவனும் அதைத்தான் சொல்வான்.

தினமும் சாயங்காலம் சாப்பிடும்போது சுருட்டையைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஆள் தப்பான எண்ணெயை ஊற்றிவிட்டான், என் கேனை எடுத்துக்கொண்டு வேறு எதையோ ஊற்றியிருக்கிறான், விடமாட்டேன் என்று உன் அண்ணி ஒர்க்‌ஷாப் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாள். முதலாளி விசாரித்துவிட்டு, தப்பு என்று தெரிந்தால் ஆளை நிறுத்திவிடுகிறேன் என்றாராம். ஐம்பத்தேழு வயதில், தப்பு எண்ணெய் ஊற்றி இன்ஜினைக் கெடுத்தவன் என்று பேர் விழுந்தால் எந்த ஒர்க்‌ஷாப்காரன் உள்ளே விடுவான். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதல் நாலு நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் நான் வேண்டிக்கொண்டது, நான் விரல் அசைக்காமல், விரல் அசைத்தது தெரியாமல், என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வருகிறது. ஐந்தாம் நாளில் இருந்து சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் மருமகள் முன்னால் நான் என்ன ஆவேன், லாரி ஒரு முழத்தில் நின்றதற்கு என்ன பதில் சொல்வேன். சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான். அவன் போகட்டும் என்றுதான் படுப்பேன். விடிந்தால் ஜன்னலில் அந்தச் சாம்பல் துணி.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் அவனும் வந்தார்கள். கீழே வண்டியில் இருந்து எண்ணெயை வடித்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எடுத்து மேலே கொண்டுவந்து செய்தித்தாளை விரித்து மேசையில் வைத்தார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். இது பழைய காலத்துப் பெரிய இன்ஜின்களுக்கு ஊற்றுகிற ரகம், அதுவும் வருஷக்கணக்கில் கிடந்தது, இந்தச் சின்ன இன்ஜினுக்குள்ளே எண்ணெய் போகிற வழியெல்லாம் ஊசி நுழைகிற அளவு, குளிரில் இது போய்ச் சேர்வதற்குள் உள்ளே இரும்பும் இரும்பும் தேய்ந்துவிடும் என்று உன் அண்ணியிடம் விளக்கினார். பிறகு அவனைப் பார்த்து, எங்கிருந்து எடுத்து ஊற்றினாய் என்று கேட்டார். நான் சுவரோரம் என் நாற்காலியில் இருந்தேன். வந்ததில் இருந்து அவன் என் பக்கம் பார்க்கவில்லை. குவளையில் இரண்டு விரலை விட்டான், தேய்த்தான், மூக்குக்குக் கொண்டுபோனான். அந்த எண்ணெய்க்கு ஒரு வாசம் உண்டு, பழைய செருப்புக்கடை வாசம், உன் அப்பா சட்டையெல்லாம் அந்த வாசம்தான். அவன் விரலைத் தேய்த்தது அப்படியே நின்றது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை நானும் முகத்தைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்துவிட்டது. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் சொல்கிறான், "என் கையால ஊத்தினது. தப்பு என்னோடதுதான் சார், எழுதிக்குங்க."

அடியே, எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அன்றைக்கு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு, இவன் வாயை மூடிக்கொள்ளமாட்டானா என்று இருந்தபோது உண்மையைச் சொன்னான். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் தப்பிப்பான், இன்றைக்கு வாயை மூடுகிறான், எனக்காக. இவன் எனக்கு நல்லது செய்வதா. இனி சாகிற வரைக்கும் இவன் செய்த நல்லதைச் சுமந்துகொண்டு இந்த மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருப்பதா. அதைவிட அந்த வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். எழுந்து நின்றேன், "அவன் சொல்றது பொய்" என்றேன். உன் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு, அம்மா, பழைய கதையை இப்போது ஆரம்பிக்காதே, வந்தவர்கள் முன்னால் மானத்தை வாங்காதே என்றான். அவனைப் பொய்யன் என்று நான் வழக்கமாகத் திட்டுவேன் இல்லையா, அதுதான் என்று நினைத்துவிட்டான். "கேன்ல இருந்ததை மாத்தி வச்சது நான்" என்றேன். யாரும் நம்பவில்லை. உன் அண்ணி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வருகிறாள், காய்ச்சலாம். என் வாழ்நாளில் ஒரு தடவை உண்மையை ஒத்துக்கொள்ள எழுந்து நிற்கிறேன், கேட்க ஆள் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சாமான் அறைக்குப் போய், போர்வையைத் தூக்கி, இரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அந்தச் செய்தித்தாள் மேல் குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவின் டின்னை உன் அண்ணன் போய் எடுத்துவந்தான், அடியில் ஒரு லிட்டர் மிச்சம்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். உன் அண்ணி பால்கனிக்குப் போய் நின்றாள். நின்றுவிட்டு வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "மூணு வாரமா இருட்டுல பஸ்ஸுக்கு ஓடுறேனே அத்தை, ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா." தோன்றியது, தினமும் தோன்றியது, அதை உனக்குத்தான் எழுதுகிறேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சுருட்டையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், திங்கட்கிழமை சீக்கிரம் வா என்றார், அவ்வளவுதான் அவன் விஷயம் முடிந்தது. உனக்கு இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை உன் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. உன் அப்பா அன்றைக்கு ஊற்றினது கெட்டி எண்ணெய்தான். குளிர் மாதத்துக்கு மெல்லிசு என்று டிப்போ சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள், இவனுக என்ன எனக்குச் சொல்றது என்று அதையே ஊற்றினார். விசாரணை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது என்னிடம் சொன்னார், அவன் பார்த்ததைச் சொன்னான் என்று. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் அவனை அப்போதே விட்டுவிட்டார். நான் விடவில்லை. என் கையால் சாப்பிட்டவன் பார்க்காத மாதிரி இருந்திருக்கவேண்டும், அதுதான் என் கோபம், இன்றைக்கும் அதுதான், சரியோ தப்போ.

என் தண்டனையைக் கேள். இன்ஜினைப் பிரித்துக் கழுவிச் சேர்க்க ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன், செவ்வாயும் வியாழனும் ஒர்க்‌ஷாப் வண்டி அந்தப் பக்கம்தான் போகிறது என்று சுருட்டை சொல்லியிருக்கிறான். உன் அண்ணன் சரி என்றுவிட்டான். என்னை யாரும் கேட்கவில்லை. குற்றவாளியை எங்கே கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் அரை நாள் லீவு போட்டு, அவனும் தையல்காரரும் என்னை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தால் பேசவேண்டி வரும் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். போகும்போது ஒரு வார்த்தை இல்லை. வரும்போது முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, வண்டியிடம் பேசுகிற மாதிரி, சின்னப் பொண்ணு இருக்கிற இடம் பனி கொட்டுகிற இடமாமே, அந்தக் காருக்கும் அக்கா சொன்ன எண்ணெய்தானா என்று கேட்டான். உன்னை நான் யோசிக்கவே இல்லை. நம் வீட்டில் யாருமே யோசிக்கவில்லை, அவன் யோசித்திருக்கிறான். என் பதிலுக்காக அவன் நிற்கவில்லை, முன் நம்பர் பின் நம்பர் நடு எழுத்து என்று சிக்னலுக்குச் சிக்னல் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும், உனக்குத் தெரியுமே.

நேற்று வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, வண்டிக்கு முன்னால் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் இறங்கும்போது அவன் முகத்தில் விழிக்கவேண்டாம் என்று அப்படி நிற்கிறான், அது எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷம் நான் பழக்கிவைத்தது. கைப்பிடியை இழுக்கிறேன், கதவு திறக்கவில்லை. அந்தப் பக்கக் கதவையும் இழுத்தேன், அதுவும் இல்லை. குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் பின் கதவில் ஒரு பூட்டு உண்டாம், வெளியில் இருந்துதான் திறக்குமாம். கண்ணாடியைத் தட்டினேன், தெருவில் அவ்வளவு வண்டிச் சத்தம். கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. கால் பயிற்சிக்காரி பத்து நிமிஷம் பிந்தினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். வேறு வழியே இல்லை, கூப்பிட்டாகவேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது. சுருட்டை என்று நான் அவனை நேரில் கூப்பிட்டதே இல்லை. ஏய் என்பதா, ஐம்பத்தேழு வயது ஆளை. நம் வீட்டில் சாப்பிட்டபோது நான் கூப்பிட்டது ஒரே வார்த்தை, அது தொண்டையில் எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்தது, அந்த ஒரு விரல் இடுக்கில் வாயை வைத்து, "தம்பி" என்றேன். அவ்வளவு சத்தத்திலும் திரும்பினான். "கதவு" என்றேன். வந்து திறந்தான், பூட்டை எடுத்துவிட மறந்துட்டேன் அக்கா என்றான். மறந்தானோ மறக்கவில்லையோ எனக்குத் தெரியாது. சிரிக்கவில்லை, அது வரைக்கும் நல்லது. தம்பி என்றதால் நான் மன்னித்துவிட்டேன் என்று நீ அர்த்தம் செய்துகொள்ளாதே, கதவு திறக்கவேண்டி இருந்தது. உன் அண்ணியிடமும் உன் அண்ணனிடமும் இதைச் சொல்லவில்லை.

உன் அண்ணி என்னோடு பேசுகிறாள், மாத்திரை வேண்டுமா, வெந்நீர் வேண்டுமா, அந்த அளவுக்கு. சாமான் அறைக்கு இப்போது தனிப் பூட்டு. நீ அவளுக்கு ஒரு போன் போடு, என் பக்கம் பேசாதே, அம்மா பாவம் என்று ஆரம்பிக்காதே, லாரி அன்றைக்கு எவ்வளவு கிட்டே வந்தது என்று அவளைச் சொல்லவிட்டுக் கேள், அவள் இன்னும் யாரிடமும் அதை முழுதாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்குப் பல் விழுந்ததா. நீங்கள் மூன்று பேரும் நல்ல உடம்போடும், உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்துக்கொள்ளாத மனசோடும், ரொம்ப நாள் நன்றாக இருக்கவேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் பேத்தி கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. கம்பிக் கதவுக்கு உள்ளே இருக்கிற நான் இதைத் தபாலில் போட முடியாது, உன் அண்ணனிடம் கொடுத்தால் படித்துவிடுவான். செவ்வாய்க்கிழமை அந்தச் சுருட்டையிடம்தான் கொடுத்துப் போடச் சொல்லவேண்டும், வேறு ஆள் இல்லை. உறையை இரண்டு தடவை பசை தடவி ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். உன் கைக்கு வரும்போது அந்தக் கோடு விலகியிருந்தால் உடனே எனக்கு எழுது. விலகாமல் இருந்தாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா